வெறுங்கையோடு ஒரு கடற்குளிப்பு

தமிழில் ‘குளித்தல்’ என்னும் சொல் விந்தையானது. வீட்டுக் கிணற்றடியில் உடலை நனைத்துக் கொள்வதும் குளித்தல். நடுக்கடலில் மூச்சடக்கி மூழ்கி, முத்தும் சங்கும் எடுத்து வருவதும் குளித்தல். உயிரைப் பணயம் வைக்கும் ஒரு தொழிலுக்கு வேறு பெயர் தேடாமல், நாள்தோறும் செய்யும் செயலின் பெயரையே போதுமென்று கொண்டனர் நம் முன்னோர். கடல் அவர்களுக்கு அத்துணை அண்மையில் இருந்தது.

அந்த அண்மை இன்று நம்மிடம் இல்லை. நாம் இரும்புலியூருக்குக் குடிவந்து முப்பது ஆண்டுகளாகின்றன. ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலும், தாம்பரத்து மின்வண்டியும், மழைக்காலத்தில் நிறையும் ஏரியுமே எம் பிள்ளைகள் அறிந்த உலகம். உம்மா கீழக்கரையில் பிறந்தவர்கள். அந்த வழியில் கடலோடு எமக்கு உறவு உண்டு. ஆயினும் விடுமுறைக்கு ஊர் செல்லும் இளையவர்கள் கடற்கரையில் மாலைக்காற்று வாங்கித் திரும்புவதோடு அந்த உறவு முடிந்து விடுகிறது. அலைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பாரும் இல்லை. சொல்வாரும் அருகி வருகின்றனர்.

அலைக்குக் கீழே சென்று வந்த செய்தியைத்தான் ஈண்டு நேயர்களோடு பகிர்ந்து கொள்ள விழைகிறோம். நாமாகத் தேடிச் சென்ற செய்தியன்று அது. எம் மகள் கைபிடித்து அழைத்துச் சென்றாள்.

மூச்சடக்கி இறங்கியவர்கள்

மரைக்காயர்களின் மரக்கலப் பெருமையை நம் விழா மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்தப் பெருமைக்குக் கீழே, தண்ணீருக்குள், வேறொரு கூட்டம் உழைத்துக் கொண்டிருந்தது. கீழக்கரை முஸ்லிம் குளியாட்களும் தூத்துக்குடிப் பரதவர்களும் மன்னார் வளைகுடாவின் இருகரைகளிலும் பல தலைமுறைகள் மூழ்கி எழுந்தனர். 1344ஆம் ஆண்டு இலங்கையில் கால் வைத்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் குளிப்பில் கிடைத்த முத்துக்கள் தரம் பிரிக்கப்படுவதைக் கண்டதாகக் குறித்திருக்கின்றார். அந்த முத்துக்களை எடுத்தவர்களின் பெயர் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை.

அவர்களுடைய கருவிகள் எளியவை. ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு கல், கழுத்தில் தொங்கும் ஒரு வலைப்பை. தோணியில் நின்று கயிற்றைப் பிடிப்பவனுக்கு ‘முண்டக்கு’ என்று பெயர். கல்லின்மேல் கால் வைத்துக் குளியாள் இறங்குவான், ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கைக்கு அகப்பட்டதைப் பையில் நிரப்பிக் கயிற்றை அசைப்பான், முண்டக்கு இழுப்பான். அந்த ஒரு நிமிடத்தை நம்பித்தான் குடும்பம் முழுதும் கரையில் இருந்தது. 1905ஆம் ஆண்டு இலங்கையின் மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு, எஞ்சியது அரசுக்கு.

சலாபம் ஆண்டுதோறும் நடப்பதன்று. சிப்பி முதிர்ந்ததா என்று அதிகாரிகள் முன்கூட்டியே மாதிரி எடுத்துப் பார்த்த பின்னரே ‘பார்’ திறக்கப்படும். கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திடலுக்குப் ‘பார்’ என்று பெயர். தூத்துக்குடிக் கடலில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. அதன்பின் சிப்பி பெருகவில்லை, கடை கட்டியாயிற்று. சங்குகுளிப்பு மட்டும் தொடர்ந்தது.

எம் தாய்மாமன் அந்தக் கடைசிச் சலாபத்தில் பதினெட்டு வயதுக் குளியாளாக இறங்கியவர். பின்னர் நெடுங்காலம் சங்கு குளித்தவர். இன்று எண்பதைக் கடந்து விட்டார். செவித்திறன் பெரிதும் போய்விட்டது. குளியாட்களைக் கடல் எளிதில் விடுவதில்லை. அக்காலத்தில் எடுத்த சங்கை ஒரு வளையத்தில் நுழைத்துப் பார்ப்பார்களாம். வளையத்துக்குள் நுழைந்து விழும் சிறு சங்கைத் திரும்பவும் உயிரோடு கடலில் விடவேண்டும் என்பது விதி. “பெருசு நமக்கு, சிறுசு கடலுக்கு” என்று மாமா சொல்வார்.

மகள் கேட்ட அனுமதி

எம் மகள் விலங்கியல் பட்டதாரி. வேளச்சேரி சாலையில் பள்ளிக்கரணையில் இயங்கி வரும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மாணவியாக ஒருமுறை சென்று வந்தவள். ஆளில்லாக் கருவிகள் கடலடியில் எடுத்த படங்களை அங்கே கண்டிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் மனம் கரையில் நிற்கவில்லை. காற்றுருளையை முதுகில் சுமந்து மூழ்கும் ‘ஸ்கூபா’ முறையைக் கற்க வேண்டும். பின்னர் தூத்துக்குடியில் கடலுயிரியல் படிக்க வேண்டும். இதுவே அவள் கேட்டது.

வீட்டில் பேச்சு எழுந்தது. உயிருக்கு ஆபத்தில்லையா என்று அவளுடைய உம்மா கேட்டார்கள். பெண்பிள்ளைக்கு ஏற்ற உடையா என்று பெரியவர்கள் கேட்டனர். இதனால் என்ன பயன் என்று உறவினர் கேட்டனர்.

இவை தள்ளிவிடத் தக்க கேள்விகள் அல்ல. விடை சொல்லத் தக்கவை. ஆபத்து உண்டு, ஆயின் அது அறியப்பட்ட ஆபத்து. மருத்துவச் சோதனை, முறையான பயிற்சி, இருவர் இருவராகவே மூழ்குதல் என்று அதற்கு வேலிகள் உண்டு. உடையைப் பொறுத்தவரை, கடற்குளிரைத் தாங்கவும் உராய்விலிருந்து காக்கவும் அணியும் ரப்பர் உடை கழுத்து முதல் கணுக்கால் வரை மூடுவது. தலைக்கும் அதுபோன்ற உறை உண்டு. மேலும், தமிழ்ப் பெண்ணுக்கு மூழ்குதல் புதிதன்று. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் கடற்பாசி எடுக்கத் தீவுகளைச் சுற்றி நெடுங்காலமாக மூழ்கி வருகின்றனர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மட்டும் அணிந்து, காற்றுருளை ஏதுமின்றி இறங்குபவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்தி, தீவுச் சூழல் காப்புக்காக வழங்கப்படும் சீகாலஜி பரிசை 2015இல் பெற்றார். வயிற்றுப்பாட்டுக்காகப் பெண் மூழ்கலாம், அறிவுக்காக மூழ்கலாகாது என்பது என்ன நியாயம்?

மூன்றாவது கேள்விதான் எம்மை நிறுத்தியது. அதை மாமா கேட்டார். எம் பிள்ளைகள் எம்மை ‘வாப்பா’ என்றும் மாமாவை ‘அப்பா’ என்றும் அழைப்பார்கள். தொலைபேசியில் செய்தி கேட்ட மாமா, பேத்தியிடம் உரக்கக் கேட்டார்:

“அங்கெ எறங்கி என்னம்மா எடுக்கப் போறே?”

“ஒண்ணும் எடுக்கக் கூடாது அப்பா. கையால தொடவே கூடாது.”

சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், “ஒண்ணும் எடுக்காம வர்றதுக்கா கடலுக்குள்ள போறே?” என்று சிரித்தார்.

ஏளனமன்று அது. மூழ்கிய ஒவ்வொரு முறையும் எதையேனும் எடுத்தே தீரவேண்டும் என்னும் வாழ்க்கை வாழ்ந்தவர் வேறெப்படிக் கேட்பார்? எம் மகளிடம் அன்று விடையில்லை. எம்மிடமும் இல்லை.

கட்மத் தீவில்

மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986 முதல் கடற்பூங்காவாகக் காக்கப்படுகின்றன. அங்கே விருப்பம் போல் இறங்கி மூழ்க வழியில்லை. எனவே 2025 ஜனவரியில் மகளோடு நாமும் இலட்சத்தீவின் கட்மத்துக்குச் செல்வதென்று முடிவாயிற்று. நுழைவு அனுமதி பெற்றுக் கொச்சியிலிருந்து கப்பலேறினோம்.

இலட்சத்தீவில் 36 தீவுகள். மக்கள் வாழ்வன 10. எல்லாம் சேர்ந்து நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கும் மேல் முஸ்லிம்கள். கட்மத்தின் நீளம் 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மிக அகன்ற இடத்திலும் குறுக்கே அரை கிலோமீட்டர் அளவே. தீவின் நடுவில் நின்றால் இருபுறமும் கடல் தெரிகிறது. மலை இல்லை, ஆறு இல்லை, கருங்கல் இல்லை. காலடியில் கிடக்கும் மணல் முழுவதும் பவளத்தின் பொடி. தென்னையும் வீடும் பள்ளிவாசலும் அந்தப் பொடியின்மேல் நிற்கின்றன.

பவளம் என்றதும் நம் இல்லத்தரசியர் கழுத்தில் அணியும் செம்மணி நினைவுக்கு வரும். திருமறையின் ‘அர்ரஹ்மான்’ அத்தியாயம் முத்தோடு சேர்த்துக் கூறும் ‘மர்ஜான்’ என்னும் சொல்லுக்கும் பவளம் என்றே நம் உலமாக்கள் பொருள் உரைப்பர். நகைக்குரிய செம்பவளம் மத்தியதரைக் கடலில் பெயர்பெற்றது. வெப்பக் கடல்களில் தீவுகளைக் கட்டும் பவளம் வேறு. அதன் எலும்பு வெண்ணிறம். கடுகு முதல் காசு வரையிலான அளவில், வாயைச் சுற்றிச் சிறு தூவிகளோடு கூடிய மென்மையான உயிரி அது. கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்துத் தனக்கொரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடிக்கணக்கான கிண்ணங்கள் சேர்ந்து பாறையாகின்றன. உயிர் மேற்பரப்பில் மட்டும். கீழே இருப்பதெல்லாம் மறைந்த தலைமுறைகள் விட்டுச்சென்ற கட்டடம்.

முதல் நாள் இடுப்பளவு நீரில் பயிற்சி. பயிற்சி தந்தவர் அத்தீவின் இளைஞர். அவர் தமிழும் மலையாளமும் கலந்து சொன்ன முதல் விதி எம்மைத் திடுக்கிட வைத்தது: “எது வந்தாலும் மூச்சை மட்டும் அடக்காதீர்கள்.”

மூச்சடக்குவதே கலையென்று வாழ்ந்த குலத்தில் வந்தவர்களுக்கு இப்படி ஒரு விதியா? அவர் விளக்கினார். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் இருமடங்காகிறது. கரையில் மூச்சிழுத்து இறங்கும் குளியாளின் நெஞ்சுக் காற்று, ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே விரிகிறது, அதனால் கேடில்லை. காற்றுருளை அணிந்தவனோ ஆழத்திலேயே, அந்த அழுத்தத்திலேயே மூச்சிழுக்கிறான். 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இருமடங்காக விரியும். அதை அடக்கி வைத்தால் நுரையீரல் கிழியும். ஆகவே விடாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு விதி, மெதுவாக ஏறுவது. ஆழத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்து நிற்கிறது. விரைந்து மேலேறினால், கோலி சோடாவை உடைத்ததும் குமிழ் பொங்குவதைப்போல் உடலுக்குள் குமிழ் கிளம்பும். மூட்டு வலி முதல் முடக்கம் வரை அதனால் நேரலாம். மேற்பரப்புக்கு 5 மீட்டர் கீழே மூன்று நிமிடம் நின்று வருவது அதற்கான காவல். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் கரையில் ‘நன்று’ என்று பொருள். நீருக்குள் ‘மேலே போவோம்’ என்று பொருள். நலமெனச் சொல்ல, விரலையும் கட்டைவிரலையும் வளையமாக்கிக் காட்ட வேண்டும்.

இக்கருவியை 1943இல் பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞானும் உருவாக்கினர். பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் அது நம் கடலுக்கும் வந்து விட்டது. தூத்துக்குடி முத்துப் பார்களையும் சங்கு விளையும் இடங்களையும் நேரில் ஆராய்ந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் இதைக் கொண்டே இறங்கினர். இலங்கையின் தென்கடலில் 1961இல், ‘கிரேட் பாசஸ்’ என்னும் பாறைத் தொடரருகே ஆர்தர் கிளார்க்கின் நண்பர் மைக் வில்சனும் உடன் சென்ற இரு சிறுவர்களும் மூழ்கியபோது, பவளம் படர்ந்து இறுகிக் கிடந்த வெள்ளி நாணயக் குவியலைக் கண்டனர். நாணயங்களில் சூரத் நகரத்தின் பெயரும் ஹிஜ்ரி 1113 என்னும் ஆண்டும் இருந்தன. பேரரசர் ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள்! கப்பல் நொறுங்கிய இடத்தில் கணக்குப்பிள்ளையைப்போல் பவளம் அவற்றைக் காத்து வைத்திருந்தது.

அடியில் கண்டவை

இரண்டாம் நாள் லுஹர் தொழுகைக்குப்பின் படகு தீவின் காயலைக் கடந்து வெளிப்பாறைக்குச் சென்றது. பின்புறமாகச் சாய்ந்து நீரில் விழுந்தோம். காதடைப்பு, மூக்கைப் பிடித்து ஊதினால் விடுபடுகிறது. இரண்டு மீட்டருக்கு ஒருமுறை அப்படிச் செய்துகொண்டே இறங்க வேண்டும். மாமாவின் செவிகள் ஏன் போயின என்பது அப்போது விளங்கிற்று; கல்லைக் கட்டிக் கொண்டு விரைந்து இறங்கியவருக்கு இதற்கெல்லாம் நேரமேது?

ஆழம் செல்லச் செல்லச் சிவப்பு நிறம் முதலில் மறைகிறது. எம் மகளின் சிவந்த கைப்பட்டை 10 மீட்டரில் மங்கிய பழுப்பாயிற்று. பொருட்கள் அண்மையிலும் பெரிதாகவும் தெரிகின்றன. ஒலி நாற்புறமிருந்தும் வருவதுபோல் கேட்கிறது, திசை புரிவதில்லை. எம் மூச்சின் ஒலிதான் பெரிதாகக் கேட்டது. ஏதோ கொறிக்கும் ஒலி இடைவிடாமல் கூட வந்தது. கிளிமீன்கள் பாறையைக் கடித்துக் கொண்டிருந்தன. பாறையோடு பாசியைக் கடித்து விழுங்கி, சுண்ணத்தை மணலாக வெளியேற்றுகின்றன. கரையில் நாம் நடந்த வெண்மணலில் ஒரு பகுதி இவற்றின் வயிற்று வழியே வந்தது என்றறிந்தபோது இறைவனின் தொழிற்சாலையை எண்ணி வியந்தோம்.

கடல் சாமந்தியின் தூவிகளுக்கிடையில் ஒரு கோமாளி மீன் எம்மை விரட்ட வந்தது. அதன் நீளம் எம் விரலளவுகூட இல்லை. காயல் பக்கத்தில் கடற்புல் மேயும் பேராமை ஒன்று தலை தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கிற்று.

இவ்வளவும் உண்மை. இனிச் சொல்வதும் உண்மை. மானின் கொம்புபோல் கிளைத்த பவளக் காடு ஒன்றைப் பயிற்சியாளர் கைகாட்டினார். நெருங்கினோம். கிளைகள் நின்றன, உயிர் இல்லை. சாம்பல் நிறப் பாசி போர்த்திருந்தது. அதையடுத்துப் பெரும் பரப்பில் உடைந்த கிளைகள், விறகுக் கடையில் சிதறிய சுள்ளிகளைப்போல. அவற்றுக்கிடையே உள்ளங்கை அகலத்தில் இளம் பவளங்கள் சில மீண்டும் தலைதூக்கியிருந்தன.

காரணத்தை அன்றிரவு பேசிக் கொண்டோம். பவள உயிரியின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலைக் கொண்டு உணவு சமைத்து வீட்டுக்காரருக்கும் பங்கு தருகின்றன, நிறமும் அவற்றுடையதே. கடல்நீரின் சூடு வழக்கமான கோடைக்கு மேல் ஒரு பாகை அளவு உயர்ந்து பல வாரங்கள் நீடித்தால், உயிரி அப்பாசிகளை வெளியேற்றி விடுகிறது. நிறம் போய் வெண்ணெலும்பு தெரிகிறது. இதுவே வெளிறல். சூடு விரைவில் தணிந்தால் குடியிருப்போர் திரும்புவர். தணியாவிட்டால் பட்டினிச் சாவு. இலட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளிறல் நேர்ந்தது. அகத்தி, கட்மத், கவரத்தி ஆகிய தீவுகளை 24 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், 1998இல் நூற்றுக்குச் சுமார் 37 பங்காக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 20 பங்காகக் குறைந்ததைக் கணக்கிட்டிருக்கின்றனர்.

“இரவில் வெளியே ஓர் இரைச்சல் கேட்கிறதல்லவா?” என்றார் பயிற்சியாளர். “பாறையில் அலை உடைகிற சத்தம். சிறுவயதில் அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அலை அங்கே உடைகிறவரை வீட்டுக்கு வராது.” பங்காரத்தை ஒட்டிய பரளித் தீவுத்திட்டுகளில் ஒன்று முற்றிலும் கரைந்து போனதாக 2017இல் ஆய்வாளர் அறிவித்ததையும் அவரே சொன்னார். மதிலை இழந்த தோட்டம் என்ன ஆகும் என்பதற்கு அவருக்கு வேறு பாடம் தேவையில்லை.

சுவரிலிருந்த விண்மீன்கள்

அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டு, தாம்பரம்–இராமேசுவரம் புதிய தொடர்வண்டியும் தொடங்கி வைக்கப்பட்டது. எம் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் ஏறி, இராமநாதபுரத்தில் இறங்கி, கீழக்கரை சேர்வது எளிதாயிற்று. மாமா வீட்டின் பழைய பக்கச் சுவரில் காரை உதிர்ந்து கொத்தனார்கள் வேலை செய்து கொண்டிருந்தனர். உள்ளிருந்த கல்லை எம் மகள் தடவிப் பார்த்தாள். கல் முழுதும் சிறு சிறு விண்மீன் வடிவக் குழிகள். கட்மத்தில் உயிரோடு கண்ட அதே கிண்ணங்கள்!

அக்கரையோரம் முழுவதும் அப்படித்தான். பவளப்பாறையை வெட்டிச் சுவர் எழுப்பினர், சுட்டுச் சுண்ணாம்பாக்கினர், பின்னாளில் தொழிற்சாலைகளுக்கும் ஏற்றினர். மண்டபம் முதல் தூத்துக்குடி வரை ஆண்டொன்றுக்குச் சுமார் 60,000 கன மீட்டர் பவளக்கல் எடுக்கப்படுவதாக 1972இல் மதிப்பிட்டவர்கள், முன்னர் நாம் பெயர் சொன்ன அந்த மூழ்கும் அறிஞர்கள் இருவரே. இறங்கிப் பார்த்தவர்கள்தாம் எண்ணிச் சொன்னார்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலிருந்த 21 தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் பின்னர் கடலுள் அமிழ்ந்தன. 2001இல் பவளம், புலிக்கும் யானைக்கும் நிகரான சட்டக் காப்பைப் பெற்றது. அதன்பின் சில ஆண்டுகளில் கல்லெடுப்பு நின்றது. அதற்குள் வெப்பம் வந்து விட்டது. 2016ஆம் ஆண்டு வெளிறலில் மட்டும் மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு நூற்றுக்கு 39 பங்கு அளவிலிருந்து 23 பங்கு அளவுக்கு இறங்கிற்று.

வீடு கட்டியவர்களைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. கையெட்டும் தொலைவில் கல் இருந்தது. அது வளர்கிற கல் என்று அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். முத்துக்குச் சோதனை இருந்தது. சங்குக்கு வளையம் இருந்தது. எடுப்பதற்கு ஓர் அளவும் விடுவதற்கு ஓர் அளவும் இருந்தன. பவளக்கல்லுக்கு மட்டும் வளையம் இல்லை. அளவின்றி எடுத்த பொருள்தான் முதலில் தீர்ந்தது.

எல்லாம் இருளன்று. தூத்துக்குடி அருகே தேய்ந்து சில ஏக்கராகி, இரண்டாகப் பிளந்து நின்ற வான்தீவைச் சுற்றி 2015 முதல் சிமெண்டுக் கட்டுமானங்களைச் செயற்கைப் பாறையாக இறக்கினர். சென்னை ஐ.ஐ.டி.யின் பொறியியல் துணையோடு, தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் வழிகாட்ட நடந்த பணி அது. அலையின் வேகம் தணிந்தது. மணல் மீண்டும் சேர்ந்தது. கட்டுமானங்களில் பவளமும் பற்றத் தொடங்கிற்று. உயிருள்ள கிளைகளை நட்டு வளர்க்கும் வேலையும் அக்கடலில் நடந்து வருகிறது. ஒவ்வொரு கிளையையும் கையால் கட்டவும், மாதந்தோறும் அளந்து பார்க்கவும் மூழ்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகின்றனர்.

மாமாவின் கேள்விக்கு விடை

அன்று மாலை அஸருக்குப்பின் மாமா திண்ணையில் அமர்ந்து பேத்தியை அழைத்தார். “என்னம்மா பாத்தே, சொல்லு” என்றார். அவள் காதருகே குனிந்து ஒரு மணி நேரம் சொன்னாள். கிளிமீனுக்கு அவர் சிரித்தார். செத்த கிளைக்காட்டைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

“நம்ம பக்கம் எப்படிக் கிடக்கு?” என்று கேட்டார்.

“முன்ன எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அப்பா, இப்ப எப்படி இருக்குன்னு சொல்ல முடியும். நீங்க பாத்ததை யாரும் எழுதி வைக்கலையே.”

அவள் சொன்னதில் அந்தக் கேள்விக்கான விடை அடங்கியிருந்தது. எதையும் எடுக்காமல் வருபவள், கண்டதை எடுத்து வருகிறாள். இன்று எவ்வளவு உயிர், எவ்வளவு சாவு என்று கணக்கெடுத்துக் கரைக்குக் கொண்டு வருபவர் இல்லையேல், கடலடியில் நடக்கும் சாவுக்குச் சாட்சி இல்லை. சாட்சியில்லாத வழக்கு எந்த நீதிமன்றத்தில் நிற்கும்? கடலும் அதிலுள்ளவையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்கிறோம். அமானிதப் பொருளை அவ்வப்போது திறந்து பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று எண்ணுவதும் பொறுப்பாளியின் கடமையல்லவா?

ஆகவே நேயர்களிடம் சில சொற்கள். கடலோர ஊர்களில் வேர் உள்ள குடும்பத்தார், ஆணாயினும் பெண்ணாயினும் பிள்ளைகளுக்கு நீச்சலைக் கற்றுக் கொடுங்கள். கடலுயிரியல், மீன்வளம், மூழ்குதொழில் என்று அவர்கள் ஒரு நாள் வந்து நின்றால், வெளிநாட்டு விசாவைப் பற்றிக் கேட்கும் அதே ஆர்வத்தோடு அதைப் பற்றியும் விசாரியுங்கள். கடற்கரைக் கடையில் விற்கும் பவளக் கிளையை அலங்காரத்துக்கென்று வாங்காதீர்கள். அது சட்டத்துக்கும் மாறு. தீவுகளுக்குச் செல்வோர் பாறைமேல் கால் வைக்காதீர்கள். ஒரு சாண் வளரப் பல ஆண்டு எடுத்துக்கொண்ட உயிர் ஒரு மிதியில் முறிந்து விடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டில் குளியாளாக இருந்த முதியவர் எவரேனும் உயிரோடு இருப்பின், அவரிடம் சென்று அமருங்கள். தொள்ளாயிரம் பார், பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என்று ஏட்டில் ஏறிய பெயர்கள் சில. ஏட்டில் ஏறாமல் அவர்கள் நெஞ்சில் மட்டும் இருப்பவை எத்தனையோ. எந்த இடத்தில் எத்தனை பாகம் ஆழம், எங்கே மணல், எங்கே கல், எந்தக் கல்லில் எந்த மீன் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும் செல்வம்.

மாமா அன்று மக்ரிப் வரை பேசினார். கரையின் மினாராவும் ஓர் ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் வரும்படி தோணியை நிறுத்தினால் எந்தக் கல்லின்மேல் நிற்போம் என்பதைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார். அந்தப் பனை இப்போது இல்லை. அது நின்ற இடத்தை அவர் காட்டுவார். எம் மகள் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் தேதியிட்டாள்.

“எழுதிக்கோ” என்றார் மாமா. “மொதல்ல தெக்கேருந்து ஆரம்பிக்கிறேன்.”